லாஸ் ஏஞ்சலஸை 20 வருஷம் ஆண்ட முன்னாள் போலீஸ்காரர்... யார் இந்த டாம் பிராட்லி?

உங்க சித்தப்பா பையனோ, காலேஜ் சீனியரோ லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தா, ஃப்ளைட் விட்டு இறங்கினதும் ஒரு செல்ஃபி அனுப்பியிருப்பாங்க. அதோட பின்னணியில் 'டாம் பிராட்லி இன்டர்நேஷனல் டெர்மினல்' என்ற போர்டு இருக்க வாய்ப்பு அதிகம். யாருப்பா இந்த டாம் பிராட்லின்னு கேட்டா, அனுப்பினவங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த ஊரை 20 வருஷம் ஆண்ட மேயர் அவர். அதுக்கு முன்னாடி 21 வருஷம் அதே ஊரில் போலீஸ்காரர்.

டெக்சாஸில் கால்வெர்ட் என்ற சின்ன ஊர். 1917 டிசம்பரில் அங்கேதான் பிறந்தார் டாம். தாத்தா அடிமையாக வாழ்ந்தவர். அப்பா, அம்மா வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டவங்க. நிலம் இன்னொருத்தருடையது, உழைப்பு இவங்களுடையது, விளைச்சலில் பெரும்பகுதி யாருக்குப் போகும்னு நம்ம கிராமத்துப் பெரியவங்களைக் கேட்டாலே சொல்லிடுவாங்க. டாமும் சின்ன வயசில் பருத்தி எடுத்திருக்கார். ஏழு வயசு இருக்கும்போது குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் போர்ட்டர் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் அவர் குடும்பத்தை விட்டுப் போய்விட, வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார் அம்மா கிரென்னர்.

டாமுக்கு ஆறடி நாலங்குல உயரம், ஓட்டக்காரருக்கான கால்கள். 440 கஜ ஓட்டத்தில் கில்லி. ஓடியே ஸ்காலர்ஷிப் வாங்கி யு.சி.எல்.ஏ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால், பட்டம் வாங்கவில்லை. போலீஸ் தேர்வில் பாஸானதும் 1940-ல் படிப்பை விட்டுட்டு யூனிஃபார்ம் மாட்டிட்டார். கறுப்பினத்து இளைஞனுக்கு நிலையான சம்பளம் தரும் வேலை அன்னைக்கு எத்தனை இருந்திருக்கும்? டிகிரியா, கவர்ன்மென்ட் வேலையான்னு நம்ம வீடுகளில் நடக்கும் அதே விவாதம்தான்.

வேலை கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. கறுப்பின போலீஸ்காரருக்குக் குறிப்பிட்ட ஏரியாக்களில், குறிப்பிட்ட டியூட்டிகள் மட்டும்தான். ரோந்து காரில் வெள்ளைக்காரரும் கறுப்பினத்தவரும் ஜோடியாகப் போக முடியாது. டாம் விடவில்லை. பணிக்குப் பிறகு சட்டம் படித்து 1956-ல் பட்டம் வாங்கினார். லெப்டினன்ட் வரைக்கும் உயர்ந்தார். அந்தத் துறையில் கறுப்பினத்தவர் யாரும் அதுவரை அதற்கு மேல் போனதில்லை. அந்தப் பதவியில் இருந்தபோது, தன் கீழ் இருந்தவங்களை ஒரே காரில் கலந்து அனுப்பிப் பார்த்தார். எதிர்ப்பு கிளம்பியது, மேலிடத்தின் ஆதரவும் இல்லை. முயற்சி அப்படியே நின்று போனது.

இதுக்கு நடுவில் 1950-ல் லைமெர்ட் பார்க் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். நேரடியாகப் போனால் கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டாங்க. அதனால் ஒரு வெள்ளைக்காரரை முன்னால் நிறுத்தித்தான் அந்த வீட்டை வாங்க வேண்டியிருந்தது. ஊருக்கே காவல் காக்கிறவருக்கு, அந்த ஊரில் சொந்தப் பேரில் போய் வீடு கேட்க முடியாது. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான்.

போலீஸை விட்டு வெளியே வந்தார். 1963-ல் நகர சபைத் தேர்தலில் ஜெயித்தார். 1969-ல் மேயர் தேர்தல். முதல் சுற்றில் டாம்தான் முன்னிலை. இரண்டாவது சுற்றில், அப்போதைய மேயர் சாம் யோர்ட்டி, இவர் வந்தால் ஊரே தீவிரவாதிகள் கைக்குப் போய்விடும் என்கிற மாதிரி பயத்தைக் கிளப்பிவிட்டார். 21 வருஷம் போலீஸில் இருந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! பயம் ஜெயித்தது. நாலு வருஷம் கழித்து அதே யோர்ட்டியோடு மறுபடியும் மோதி, 1973-ல் மேயரானார் டாம். ஊரில் கறுப்பினத்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். யூதர்கள், லத்தீன் மக்கள், ஆசியர்கள் எல்லாரையும் சேர்த்துக் கட்டிய கூட்டணி அது.

அடுத்து கவர்னர் கனவு. 1982 நவம்பர் 2. ஓட்டுப்போட்டு வெளியே வந்தவங்களிடம் எடுத்த எக்ஸிட் போல், டாம் ஜெயிப்பார்னு சொன்னது. ஒரு பெரிய பத்திரிகை அவர் ஜெயிக்கப்போவதாகத் தலைப்பே போட்டுவிட்டது. கடைசியில் சுமார் 93 ஆயிரம் ஓட்டில் தோற்றார். ஜெயித்திருந்தால், தேர்தலில் நின்று ஜெயித்த அமெரிக்காவின் முதல் கறுப்பின கவர்னர் அவர்தான். கேட்கிறவரிடம் கறுப்பின வேட்பாளருக்கு ஆதரவுன்னு சொல்லிவிட்டு, பூத்துக்குள் மாற்றிக் குத்துவதற்கு 'பிராட்லி எஃபெக்ட்'னு பேரே வந்தது. அது மட்டும்தான் காரணமான்னு இன்னைக்கும் விவாதம் ஓடுது. தேர்தல் நாளில் விழுந்த ஓட்டில் டாம்தான் முன்னிலை. தபால் ஓட்டுதான் அவரைக் கவிழ்த்தது. கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய வாக்கெடுப்பும் அதே நாளில் நடந்ததால், துப்பாக்கி வைத்திருப்பவங்க கூட்டமாக வந்து ஓட்டுப்போட்டாங்க. நிறம்தான் முழுக் காரணம் என்று சொல்ல எனக்குத் தயக்கம். நிறத்துக்குச் சம்பந்தமே இல்லைன்னு சொல்லவும் முடியாது.

1984 ஒலிம்பிக்ஸ் நமக்கும் ஞாபகம் இருக்கும். பி.டி.உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட போட்டி. நடந்தது டாமின் ஊரில்தான். நகர மக்களின் வரிப்பணத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. தனியார் பணத்தில் நடத்தி, கடைசியில் 20 கோடி டாலருக்கும் மேல் மிச்சம். அவர் பேரின் உச்சம் அதுதான். பிறகு, நகரத்தோடு தொடர்பு வைத்திருந்த ஒரு பேங்கில் ஆலோசகராகச் சம்பளம் வாங்கிய விஷயம் 1989-ல் வெடித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் பேரில் விழுந்த கறை போகவில்லை.

இவ்வளவு தூரம் வந்தவரால் ஒன்றை மட்டும் தன் பிடிக்குள் கொண்டுவர முடியவில்லை. அது, அவர் வேலை பார்த்த அதே போலீஸ் துறை. அப்போ அங்கே போலீஸ் சீஃபை மேயர் நினைத்தால் தூக்க முடியாது, சட்டம் அப்படி இருந்தது. 1978 முதல் சீஃபாக இருந்தவர் டேரில் கேட்ஸ். 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை போலீஸ்காரங்க சூழ்ந்துகொண்டு லத்தியால் அடித்ததை, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வீடியோ எடுத்தார். வைரல் என்ற வார்த்தை வராத காலத்திலேயே அது உலகம் பூராவும் ஓடியது. கேட்ஸ் பதவி விலக வேண்டும்னு டாம் வெளிப்படையாகவே கேட்டார். அவர் அசையவில்லை. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல் மேயரும் சீஃபும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ளவே இல்லை. 

1992 ஏப்ரல் 29. அடித்த போலீஸ்காரங்க குற்றவாளிகள் இல்லைன்னு தீர்ப்பு வந்தது. ஊர் எரிய ஆரம்பித்தது. அந்தச் சாயங்காலம் கேட்ஸ் எங்கே போனார் தெரியுமா? நிதி திரட்டும் ஒரு கூட்டத்துக்கு. போலீஸ் சீஃபின் பதவிக்காலத்துக்கு வரம்பு கொண்டுவரும் சட்டத் திருத்தத்தை எதிர்க்கிற கூட்டம் அது. கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. ராணுவம் வந்துதான் அடங்கியது.

ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றினாங்க. கேட்ஸ் அதே மாசம் வெளியேறினார். செப்டம்பரில், இனிமேல் போட்டியிடப் போவதில்லைன்னு டாம் அறிவித்தார். 1993-ல் பதவியை விட்டு இறங்கினார். 1996-ல் வந்த பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்துக்கொண்டது. 1998 செப்டம்பர் 29-ம் தேதி, 80 வயதில், தன் ஊரிலேயே இறந்தார்.