பாட்டு வாத்தியார் பாக்

ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் 1685-ம் ஆண்டு பிறந்தார் ஜோகன் செபாஸ்டியன் பாக். பத்து வயது நிரம்புமுன் தாயும் தந்தையும் இறந்தனர். அண்ணன் வீட்டில் வளர்ந்தார்.

1722-ல் லீப்சிக் நகரிலுள்ள புனித தோமையார் பள்ளிக்கு இசை ஆசிரியர் தேவைப்பட்டார். நகர சபை முதலில் டெலிமானை அழைத்தது. பிறகு கிராப்னரை அழைத்தது. இருவரும் வரவில்லை. அதன் பிறகே, 1723-ல், பாக்குக்கு வேலை கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நகரின் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் பாடுவதும் அந்தப் பிள்ளைகள்தான். முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒரு புதிய இசைக்கோவை எழுதினார் பாக்.

பிள்ளைகள் எப்படி? 1730-ல் நகர சபைக்குக் கொடுத்த மனுவில் அவரே கணக்குக் காட்டினார். மொத்தம் 54 பேர். பாடத் தெரிந்தவர் 17. இன்னும் பழக வேண்டியவர் 20. பாட்டே வராதவர் 17! மனம் கசந்து வேறு வேலை தேடினார். ஆனாலும் போகவில்லை. 27 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார்.

முதுமையில் பார்வை மங்கியது. இரண்டு முறை கண்ணில் அறுவை செய்தும் பயனில்லை. 1750 ஜூலை 28-ல் காலமானார். கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. மனைவி அன்னா மகதலேனா தருமப் பணத்தில் காலம் தள்ளி, 1760-ல் மறைந்தார்.

1829-ல், 20 வயது மெண்டல்சன், பாக்கின் 'மத்தேயு பாடுகள்' இசையை பெர்லினில் அரங்கேற்றினார். உலகம் வியந்தது. லீப்சிக் பிள்ளைகளுக்காக எழுதியவை இன்று பெரிய இசை மண்டபங்களில் ஒலிக்கின்றன. தம் மூத்த மகனுக்காக அவர் எழுதிய பயிற்சிகளோ, பியானோ பயிலும் குழந்தைகளுக்கு இன்றும் பாடம்!