தியாகி விசுவநாததாஸ்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராசபாளையமும், ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரும் அடுத்தடுத்து விளங்குகின்றன. அவற்றிற்குக் கிழக்கே அமைந்த ஊர் சிவகாசி. அங்கே 1886-ஆம் ஆண்டில் விசுவநாததாஸ் தோன்றினார். தந்தையார் சுப்பிரமணியம்; தாயார் ஞானாம்பாள். முடிதிருத்தும் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட மரபு அவர்களுடையது. பிற்காலத்தில் திருமங்கலம் அவர் வாழும் ஊராயிற்று.

அக்காலத்தில் திருவிழா நாள்களில் விடிய விடிய நாடகங்கள் நடைபெறும். ஒலிபெருக்கி இல்லாமையால், கடைசியில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் எட்டுமாறு பாடவல்லவரே நடிகராய் நிலைத்தனர். விசுவநாததாசுக்குக் கணீரென்ற குரல் வாய்த்திருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணத்தில் அவர் முருகனாக வந்தால் மக்கள் திரள்திரளாகக் கூடுவர்.

ஆயினும், மேடையில் கடவுளாகக் கண்டு கைகுவித்த சமுதாயம், மேடையை விட்டு இறங்கியதும் அவரைத் தாழ்ந்தவராகவே எண்ணியது. அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். இங்கிலாந்தில் பெர்னார்டு ஷா என்னும் அறிஞர், தெருவில் பூ விற்கும் ஏழைப்பெண் ஒருத்தி பேச்சுமுறையைக் கற்றதும் உயர்குலப் பெண்ணாக மதிக்கப்படுவதைத் தம் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் காட்டினார். அது 1914-இல் இலண்டனில் நடிக்கப்பெற்றது. உயர்வும் தாழ்வும் பிறப்பில் இல்லை என்பதை அங்கே கதை உணர்த்தியது. இங்கே ஒரு நடிகரின் வாழ்க்கையே உணர்த்தியது. அந்நிலையில் கே. பி. ஜானகி அம்மாள் சாதி வேற்றுமையைப் பொருட்படுத்தாது அவருடன் நடிக்க முன்வந்தார். பின்னாளில் அவ்வம்மையாரும் விடுதலைப் போரில் சிறை புகுந்தார்.

காந்தியடிகளின் கொள்கையால் ஈர்க்கப்பட்ட விசுவநாததாஸ் கதராடை அணிந்தார். நாடகத்தையே நாட்டுத் தொண்டாக்கினார். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் காட்சியில், மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டைப் பாடுவார். கடல் கடந்து வந்து நாட்டின் வளத்தைக் கவர்ந்த வெள்ளையரே அந்த வெள்ளைக் கொக்கு என்பது, எழுத்தறியாதவர்க்கும் விளங்கிற்று. செய்தித்தாள் எட்டாத சிற்றூர்களுக்கும் விடுதலைக் கருத்து அவர் பாட்டின் வாயிலாகச் சென்றது.

ஆட்சியாளர் வாளா இருப்பரோ? நாடகங்களை அடக்க 1876-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தனர். தடை விதித்தனர், மேடையிலேயே அவரைக் கைது செய்தனர். முருகன் வேடத்தில் நின்ற அவர், பிடியாணை முருகனுக்கா, விசுவநாததாசுக்கா என்று கேட்டு, வேடம் கலைத்த பின்னரே காவலருடன் செல்வாராம். பன்முறை சிறை சென்றார். விடுதலையானதும் மீண்டும் அதே பாட்டைப் பாடினார். சிறைவாசத்தால் வருவாய் குன்றிற்று, கடன் பெருகிற்று, உடல் தளர்ந்தது. கொள்கை மட்டும் தளரவில்லை.

1940-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் இரவு. சென்னை இராயல் அரங்கில் வள்ளி திருமணம் நடைபெற்றது. மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்த அவருடைய குரல் திடீரென ஓய்ந்தது. பாடிய நிலையிலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து நான்கு.

அவர் விரும்பிய விடுதலை 1947-இல் வந்தது. அதைக் காண அவர் இல்லை. திருமங்கலத்தில் அரசு அமைத்த நினைவகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அயலார் ஆட்சி அகன்றுவிட்டது. ஆனால், பிறப்பால் ஒருவரைத் தாழ்த்தும் சிறுமையும் அகன்றால்தான் அவர் பாடிய பாட்டு முற்றுப்பெறும். அதனை நிறைவேற்றுவது இளைஞர் கடனாகும்.