துயரத்தில் துவளாத டாக்டர் முத்துலட்சுமி

தலைநகரில் வாழும் நம்மவர்களில் எய்ம்ஸ் அல்லது சப்தர்ஜங் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாளாவது நிற்காதவர்கள் குறைவு. சீட்டு வாங்கி, முறை வந்து உள்ளே போனால் எதிரே இருப்பவர் இருபத்தைந்து வயது இளைஞராகவோ பெண்ணாகவோ இருப்பார். கண்களில் தூக்கக் கலக்கம். வெடுக்கென்று பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. முதல் நாள் இரவு அவர் கண்ணெதிரே ஓர் உயிர் போயிருக்கலாம் என்று நாம் நினைப்பதில்லை. இந்த இளம் டாக்டர்களின் மனநிலையை ஆராய்ந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது, ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும் என்று 2024ல் பரிந்துரைத்தது.

இப்படி எந்தக் குழுவும் இல்லாத காலத்தில் டாக்டருக்குப் படித்தவர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லி ஊர் பேசியது. ஆண்கள் படிக்கும் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பும் எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே இடம் கிடைத்தது.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நாட்டின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று சிலர் எழுதுவது தவறு. இவர் பிறந்த அதே 1886லேயே கடம்பினி கங்குலியும் ஆனந்திபாய் ஜோஷியும் பட்டம் பெற்றுவிட்டனர். ஆனாலும் இவர் படித்த காலத்தில் கல்லூரியில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. சிறு வயது முதலே நலிந்த உடல், ஆஸ்துமா வேறு. பிணத்தை அறுத்துப் படிக்க வேண்டும், வார்டில் சாவைப் பார்க்க வேண்டும். மனம் உடைந்தால் யாரிடம் சொல்வது என்பதற்குப் பாடத்தில் இடமில்லை. 1912ல் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றுத் தேறினார். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1920களின் தொடக்கத்தில் தங்கைக்குப் புற்றுநோய். அக்காள் டாக்டர், அத்தான் டாக்டர். இருந்தும் நோய் முற்றிய நிலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அருகிலிருந்து பணிவிடை செய்தார். கண்ணெதிரே தங்கை போனாள். கற்ற வித்தை தன் வீட்டிலேயே உதவாமல் போவதைவிட ஒரு டாக்டருக்கு வேறென்ன வேதனை இருக்க முடியும்? தொழிலையே வெறுத்து ஒதுங்கியவர்கள் உண்டு. நோயாளியை வெறும் கேஸாகப் பார்த்து மனதைக் கல்லாக்கிக்கொண்டவர்களும் உண்டு.

அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. அந்தத் துக்கத்தை மறக்க முயன்றதாகவும் தெரியவில்லை. 1925ல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து சென்றபோது லண்டனில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் பார்த்துப் பயின்றார். திரும்பியதும் சட்டசபை, துணைத் தலைவர் பதவி, தேவதாசி முறை ஒழிப்பு, 1930ல் அவ்வை இல்லம் என்று நாட்கள் பறந்தன. தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947லேதான். இத்தனைக்கும் நடுவே தங்கையின் நினைவு போகவில்லை. 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார்.

எண்ணம் கட்டிடமாக மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. குணமாகாத நோய்க்கு எதற்குப் பணம் என்ற கேள்விதான் எங்கும். இந்த வயதில் வீடு வீடாக நன்கொடை கேட்பதா என்று ஓய்ந்துவிடவில்லை அவர். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தபோது அம்மையாருக்கு அறுபத்தேழு வயது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். மறு ஆண்டு இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

1956ல் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. 1968 ஜூலை 22ல் காலமானார். சாந்தா 2021ல் மறையும் வரை அடையாறு ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை.