ஐடா ஸ்கடர் அம்மையார்

சத்துவாச்சாரி முதல் ஆம்பூர் வரையுள்ள நமது பிரதேசம் தோல் வியாபாரத்தால் உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது. சரக்கு செல்லும் வழியே நோயும் வரும். ஆகவே, கொள்ளை நோய்க் காலத்தில் தேசங்கள் ஒன்றுக்கொன்று செய்ய வேண்டிய நீதி யாது என்னும் விவகாரம் ஜினீவா நகரத்துக்கு மட்டும் உரியதன்று. இதில் நமக்கு வழிகாட்டும் சரித்திரம் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் வருஷம் இராணிப்பேட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்தார். வாலிபத்தில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஓரிரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையால் தவித்த ஸ்திரீகளுக்காக அவரை அழைத்தனர். அவரோ வைத்தியம் கல்லாதவர். வைத்தியரான தந்தையை, ஆண்மகன் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூவரும் மாண்டனர். அத்துயரமே அவரை வைத்தியம் கற்கச் செய்தது. 1899-இல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் தொண்டு தொடங்கினார். நியூயார்க் செல்வர் ஒருவர் மனைவியின் ஞாபகார்த்தமாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

அன்னியப் பணம் ஆஸ்பத்திரி கட்டியதோடு நின்றிருந்தால், அதைத் தர்மமென்று வாழ்த்திவிட்டு அப்பால் சென்றிருப்போம். அம்மையார் அதனோடு நிற்கவில்லை. 1918-இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி அமைத்தார். இன்புளுயன்ஸா ஜுரம் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடிக்கத் தொடங்கிய வருஷம் அது. கப்பலேறி வரும் வைத்தியரை எதிர்நோக்கி நிற்காமல், நம் பெண்களே நோய் தீர்க்கும் நிலை உண்டாயிற்று. 1942-இல் பள்ளி பட்டக் கல்லூரியாயிற்று. 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். 1960-இல் அம்மையார் காலமானார். அவர் விதைத்த கல்வி அழியவில்லை. 1986-இல் சென்னையில் எடுத்த இரத்தத்தைச் சோதித்து, எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் புகுந்ததை முதன்முதல் கண்டறிந்தது அவ்வேலூர் ஸ்தாபனமே.

மருந்தைக் கொடுப்பது ஒன்று. மருந்து செய்யும் வித்தையைக் கொடுப்பது மற்றொன்று. கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கோரியது இரண்டாவதையே. செல்வ நாடுகள் பல எதிர்த்தன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசி பற்றிய குறுகிய சலுகை மட்டுமே. 2025 மே மாதம் ஜினீவாவில் நிறைவேறிய கொள்ளை நோய் ஒப்பந்தமும், கிருமி மாதிரி தரும் நாட்டுக்கு மருந்தில் உரிய பங்கு எவ்விதம் என்பதை அன்று தீர்க்காமல் விட்டது.

வேலூரில் ஓர் அம்மையார் செய்து காட்டியதை வல்லரசுகள் கூடிச் செய்ய மறுப்பதற்கு நியாயம் என்ன? நாம் யாசிப்பது தர்மமன்று, பங்கு. அதை ஊரூராய் எடுத்துச் சொல்வது தேசத்தொண்டர்களின் கடமையாகும்.