தளிர் தேடிய மாணவர்

உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் இசைவல்லுநர். தம் மகனும் அவ்வழியே செல்ல விரும்பினார். 1855இல் பிறந்த மகன் சாமிநாதரின் உள்ளமோ தமிழையே நாடியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயில்வதே பின்னாளில் தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெற்ற உ.வே.சா. இளமையில் கொண்ட குறிக்கோள். குடும்பமோ வறுமையுற்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. சென்ற இடங்களில் எல்லாம் கற்றோரைத் தேடி, அவரவர் அறிந்ததைப் பயின்றார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை கற்றார். பிள்ளையின் முன் நிற்பதற்குரிய தகுதி இவ்வாறு சிறுகச் சிறுக வளர்ந்தது.

1871இல் தந்தையுடன் மாயூரம் சென்றார். மாணவர் பலர் இடையில் விட்டு நீங்கக் கண்டிருந்த பிள்ளை தயங்கியே ஏற்றுக்கொண்டார். பாடம் சொல்லும் பொறுப்பையும் வேறொரு மாணவரிடம் ஒப்படைத்தார். ஆசிரியரிடமே பாடம் கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் சாமிநாதரை வாட்டியது. பிள்ளை நாள்தோறும் காலையில் தோட்டத்து மரங்கள் தளிர்த்துள்ளனவா எனப் பார்ப்பார். அதனை அறிந்த சாமிநாதர், முன்னதாகவே சென்று புதுத்தளிர்களைத் தேடிவைத்து அவருக்குக் காட்டினார். ஆசிரியர் அகமகிழ்ந்திருந்த வேளையில் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பாடம் தொடங்கிற்று.

தந்தையின் விருப்பப்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். பிள்ளைக்கு அதில் உவப்பில்லை என அறிந்ததும் நிறுத்திக்கொண்டார். எளிய முடிவன்று அது. இசை அவர்தம் குடும்பச் செல்வம் அன்றோ! 1876இல் பிள்ளை மறையும்வரை அவரிடமே கற்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1887இல் அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணி வெளிவந்தது.