கத்தியைப் பாதியில் நிறுத்திய டாக்டர்!

முதலில் ஒரு காதில் இரைச்சல் கேட்கும். வண்டு குடைவது போல் இருக்கும். பிறகு அந்தக் காது மெல்ல மெல்ல மந்தமாகும். இன்னொரு காது நன்றாகக் கேட்பதால் ஆள் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

சில வருடங்கள் போகும். நடக்கும்போது கால் தடுமாறும். முகம் மரத்துப் போகும். தலைவலி மண்டையைப் பிளக்கும். கடைசியில் கண் பார்வையும் மங்கும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கட்டி. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் அது வளருகிறது. அது புற்றுநோய் அல்ல. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால், வளரும் இடம் பொல்லாத இடம். பக்கத்திலேயே மூளைத் தண்டு இருக்கிறது. நம் மூச்சை நடத்துவது அதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஐந்து பேரில் நான்கு பேர் வரை இறந்தார்கள்.

அந்தக் கணக்கை மாற்றியவர் ஹார்வி குஷிங்.

கடைக்குட்டி

குஷிங், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1869-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் அவர்தான் கடைக்குட்டி. தகப்பனார் டாக்டர். பாட்டனாரும் டாக்டர்.

ஹார்வர்டில் அவர் மருத்துவம் படித்தபோது நடந்தது இது.

நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையை அந்தக் காலத்தில் மாணவர்களிடம் விட்டுவிடுவார்கள். குஷிங் ஈதர் கொடுத்துக் கொண்டிருந்தார். அவர் கையிலேயே நோயாளியின் உயிர் போய்விட்டது!

வாலிபர் மனம் உடைந்து போனார். ஆனால் ஓடிவிடவில்லை. காட்மன் என்ற சக மாணவருடன் சேர்ந்து, ஆபரேஷன் நடக்கும்போது நாடியையும் மூச்சையும் அடிக்கடி எண்ணிக் காகிதத்தில் குறிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். 1901-ல் இத்தாலிக்குப் போனபோது, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கண்டார். அதையும் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தார்.

பொறுமை

பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்ற பெரிய டாக்டரிடம் குஷிங் தொழில் கற்றார். அவசரம் கூடாது, சதையை நோகடிக்கக் கூடாது, இரத்தத்தை உடனுக்குடன் நிறுத்த வேண்டும் என்பது அங்கே பாடம். மூளையில் நூல் போட்டு இரத்தக் குழாயைக் கட்டுவது கடினம். அதற்காகக் குஷிங் 1911-ல் சிறு வெள்ளிக் கவ்விகளைச் செய்தார்.

கைராசி என்று சொல்வோமே, அவருக்கு இருந்தது அதுவல்ல. ஒரு ஆபரேஷனுக்குப் பல மணி நேரம் நிற்பார். முடிந்ததும், உள்ளே கண்டதைத் தம் கையாலேயே படமாக வரைந்து வைப்பார்.

1912-ல் பாஸ்டன் நகருக்குப் போனார். 1917-ல் காது நரம்புக் கட்டியைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். இந்த நோய் முதலில் காதில்தான் தலைகாட்டும், மற்றவை எல்லாம் பிறகுதான் என்று அதில் வரிசைப்படுத்திக் காட்டினார்.

ஓடும் சதையும்

அவருடைய வழி இதுதான்.

கட்டியை முழுவதும் பிடுங்கினால் பக்கத்து இரத்தக் குழாய் அறுந்துவிடும். மூளைத் தண்டு நசுங்கிவிடும். ஆகையால் சுரைக்காயின் உள்சதையைக் குடைந்து எடுத்துவிட்டு ஓட்டை விட்டுவிடுவது போல், கட்டியின் உட்பகுதியை மட்டும் குடைந்து எடுத்தார். மேல் உறையைத் தொடவில்லை.

பலன்? ஐந்துக்கு நான்காக இருந்த சாவு, ஐந்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பின்னால் இன்னும் குறைந்தது.

ஆனால் ஒரு குறை. விட்டு வைத்த உறையிலிருந்து கட்டி மறுபடி வளரும். பிழைத்துப் போனவர்களில் பலர் சில வருடங்களில் திரும்பி வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் சண்டை மூண்டது. வால்டர் டாண்டி, முன்பு குஷிங்கிடம் வேலை பார்த்தவர். கட்டியை உறையோடு முழுவதும் எடுக்கலாம் என்று 1922-ல் எழுதினார். குஷிங்குக்குக் கோபம் வந்தது. இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

யார் பக்கம் நியாயம்? டாண்டியின் முறையில் கட்டி போனது. கூடவே முகத்தை அசைக்கும் நரம்பும் போனது. வாய் ஒரு பக்கம் கோணியது. குஷிங்கின் முறையில் முகம் தப்பியது. கட்டி மிஞ்சியது. இருவரிடமும் பாதி நியாயம்தான் இருந்தது.

1926 ஜூன் மாதம் குஷிங்கின் மூத்த மகன் கார் விபத்தில் மாண்டான். செய்தி வந்த நாளில் ஒரு ஆபரேஷன் காத்திருந்தது. மனைவிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர் ஆபரேஷனுக்குப் போனார்!

அதே ஆண்டில், மின்சாரத்தால் சதையை அறுத்து இரத்தத்தையும் நிறுத்தும் கருவியை போவி என்ற விஞ்ஞானியின் துணையுடன் மூளை ஆபரேஷனில் புகுத்தினார். 1931-க்குள் அவர் ஆபரேஷன் செய்த மூளைக் கட்டிகள் 2,000-ஐத் தொட்டன.

1939 அக்டோபர் 7-ந்தேதி மாரடைப்பால் குஷிங் காலமானார். உடலைச் சோதித்தபோது, அவருடைய மூளைக்குள்ளேயே ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தது!

வேலூர் வரை

குஷிங்கிடம் பயின்றவர்களில் ஒருவர் கனடாவின் டாக்டர் பென்பீல்டு. பென்பீல்டிடம் பயின்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவர் இவரே.

1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர் வில்லியம் ஹவுஸ், நுண்பெருக்கிக் கண்ணாடி வைத்து, காது எலும்பு வழியாகவே கட்டியை எட்டினார். முகத்து நரம்பைக் காப்பாற்ற வழி பிறந்தது. 1969-ல் ஸ்டாக்ஹோமில் டாக்டர் லெக்சல், காமா கத்தியால் இந்தக் கட்டிக்குச் சிகிச்சை செய்தார். பெயரில்தான் கத்தி! மண்டையைத் திறக்காமல் கதிர்களைக் குவித்து, வளர்ச்சியைத் தடுக்கும் முறை அது. கருவியின் விலை அதிகம். ஆகையால் பெரிய நகரங்களில்தான் அது இருக்கிறது.

இப்போது சிறு கட்டியானால் உடனே கை வைப்பதில்லை. பல கட்டிகள் வருடக்கணக்கில் வளராமலே இருக்கின்றன. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்து வருகிறார்கள். கட்டியைக் கரைக்கும் மாத்திரை மட்டும் இன்னும் வரவில்லை.

குஷிங்கிடம் பலர் பார்வை மங்கிய பிறகுதான் வந்தார்கள். இன்று காது மந்தமான உடனே ஸ்கேன் எடுத்தால், பட்டாணி அளவில் இருக்கும்போதே கட்டி தெரிந்துவிடுகிறது.