பேட்மேனுக்கு உயிர் கொடுத்த பில் பிங்கர்

பெயர் இல்லாமலே மறைந்த எழுத்தாளரின் கதை

சூப்பர்மேனையும் பேட்மேனையும் அறியாத சிறுவர்கள் இன்று குறைவு. ஒருவர் வானத்தில் பறப்பார். மற்றவர் இருட்டில் பதுங்கிப் பாய்வார். இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்? இதை வைத்து அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் வாதாடுவது உண்டு.

இந்த வீரர்களுக்கு எவ்வளவு பலம் வேண்டும், எவ்வளவு பலவீனம் வேண்டும் என்று அளந்து கொடுத்தவர்களில் ஒருவர், பில் பிங்கர் என்ற அமெரிக்க எழுத்தாளர். பேட்மேனை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. ஆனால், அவர் உயிரோடு இருந்த வரையில், பேட்மேனைப் படைத்தவர் என்று அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை!

தையற்காரர் மகன்

பில் பிங்கர் 1914-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி டென்வர் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மில்டன். பிறகு குடும்பம் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறியது. தந்தை தையற்கடை நடத்தினார். 1929-ல் அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. வங்கிகள் முறிந்தன; லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்தக் கஷ்ட காலத்தில் தையற்கடையும் மூடப்பட்டது.

1933-ல் பில் பிங்கர் பள்ளிப் படிப்பை முடித்தார். பூட்ஸ் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் மனம் எழுத்தில் இருந்தது. அப்போதுதான், ஒரு விருந்தில் பாப் கேன் என்ற இளம் ஓவியரைச் சந்தித்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பில் கதை சொன்னார். கேன் படம் போட்டார்.

இறக்கை போய் அங்கி வந்தது

1938-ம் ஆண்டில் சூப்பர்மேன் படக்கதை வெளிவந்து சக்கைப் போடு போட்டது. அதே போல இன்னொரு வீரன் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கேன் ஒரு படம் வரைந்து, பில் பிங்கரிடம் காட்டினார்.

சிவப்பு உடை. கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி. முதுகில் விறைத்து நிற்கும் இரண்டு இறக்கைகள். இதுதான் அந்தப் படம்.

பில் பிங்கர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். இறக்கைக்குப் பதில், காற்றில் விரியும் நீண்ட அங்கி வந்தது. வௌவால் காது வைத்த முகமூடி தலை முழுவதையும் மூடியது. கைக்கு உறை வந்தது. சிவப்பு போய்க் கறுப்பும் சாம்பல் நிறமும் வந்தன. புரூஸ் வெய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1939-ல் முதல் கதை வெளிவந்தது. எழுதியவர் பில் பிங்கர். பேட்மேன் வசிக்கும் கோதம் நகரத்தின் பெயர், டெலிபோன் புத்தகத்தில் இருந்த ஒரு நகைக் கடையின் பெயரிலிருந்து அவருக்குக் கிடைத்தது!

பலம் இல்லாத வீரன்

சூப்பர்மேன் வேறு கிரகத்தில் பிறந்தவர். 1938-ல் வந்த முதல் கதையிலேயே ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல் தூரம் தாண்டுவார். குண்டு வந்து வெடித்தாலன்றி அவர் தோல் கிழியாது.

பேட்மேனுக்கு இப்படி ஒரு சக்தியும் கிடையாது. அவர் நம்மைப் போல் மனிதர். அடித்தால் வலிக்கும். சுட்டால் சாவார். சிறு பிள்ளையாக இருந்தபோது, கண் எதிரிலேயே தாய் தந்தையைத் திருடன் சுட்டுக் கொன்று விடுகிறான். அன்றிலிருந்து உடலைப் பழக்கி, அறிவைத் தீட்டி, குற்றவாளிகளை எதிர்க்கிறார். பயிற்சியும் புத்தியும் பணமும்தான் அவருடைய பலம். ஆகவே ஒவ்வொரு கதையிலும், பிழைப்பாரா என்ற பயம் வாசகருக்கு இருந்தது. அந்தப் பயம்தான் அடுத்த இதழையும் வாங்க வைத்தது!

கட்டைக்கு அஞ்சும் மோதிரம்

1940-ல் கிரீன் லான்டர்ன் என்ற பச்சை விளக்கு வீரன் வந்தான். மார்ட்டின் நோடெல் என்ற ஓவியருடன் சேர்ந்து பில் பிங்கர் உருவாக்கிய வீரன் இவன். கையில் ஒரு மந்திர மோதிரம். தோட்டாவும் கத்தியும் அவனை ஒன்றும் செய்யாது. ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மோதிரத்தை விளக்கில் தொட்டுச் சக்தி ஏற்ற வேண்டும். அது மட்டுமல்ல, மரத்தின் முன் அந்தச் சக்தி பலிக்காது. உலோகம் தொட முடியாத வீரனைச் சாதாரண உருட்டுக்கட்டை வீழ்த்தி விடும்!

துரியோதனனுக்குத் தொடை போல, எவ்வளவு பெரிய வீரனுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை இல்லை. சூப்பர்மேன் விஷயத்தில் இந்தச் சங்கடம்தான் வந்தது. வருஷத்துக்கு வருஷம் அவர் பலம் ஏறியது. தாவியவர் பறக்கத் தொடங்கினார். அவரை எதிர்க்க யாரால் முடியும்?

கிரிப்டோனைட் என்ற கல்தான் வழி காட்டியது. வெடித்துச் சிதறிய அவருடைய பிறந்த கிரகத்தின் துண்டு அது. அருகில் வந்தால் அவர் பலம் போய்விடும். 1943-ல் ரேடியோ நாடகத்தில் முதலில் வந்த இந்தக் கல்லை, 1949-ல் படக்கதைக்குக் கொண்டு வந்தவர் பில் பிங்கர். அந்தக் கதையில், தன்னைத் தளரச் செய்த கல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறார் சூப்பர்மேன். தேடிப் போன இடத்தில் தன் பிறந்த வீட்டையே கண்டு கொள்கிறார்!

அவருடைய பலவீனம்

வீரர்களுக்குப் பலவீனம் வகுத்தவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அவர் தமக்காகப் பேசத் தெரியாதவர்.

பேட்மேன் உரிமை பற்றிப் பத்திரிகைக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து கொண்டவர் பாப் கேன். அதில் பில் பிங்கர் பெயர் இல்லை. கதைக்குக் கதை கூலி மட்டும் கிடைத்தது. ஓயாமல் குறிப்பெடுத்து, நுணுக்கம் பார்த்து எழுதுவார். அதனால் கதை கொடுக்கத் தாமதமாகும். கைக்கும் வாய்க்குமான பிழைப்பு. 1965-ல் ரசிகர்கள் கூடிய மாநாட்டில் அவர் பங்கு வெளியே தெரிந்தது. கேன் உடனே அதை மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1966-ல் வந்த பேட்மேன் டெலிவிஷன் தொடரில், இரண்டு பகுதிகளை நண்பருடன் சேர்ந்து எழுதினார். அதில் எழுத்தாளர் என்று பெயர் வந்தது. படைத்தவர் என்று அல்ல.

1974-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, நியூயார்க்கில் தம் வீட்டில் பில் பிங்கர் காலமானார். வயது 59.

பெயர் வந்தது

1989-ல் வந்த தம் சுயசரிதையில், பில் பிங்கருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்று கேன் ஒப்புக் கொண்டார். 2012-ல் ஓர் ஆராய்ச்சியாளர் பில் பிங்கரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பேத்தியும் உரிமைக்காக வாதாடினார். 2015-ல் கம்பெனி இணங்கியது. அது முதல் பாப் கேன் பெயருடன் பில் பிங்கர் பெயரும் அச்சாகிறது.

2016-ல் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் சினிமா வந்தது. பில் பிங்கர் பெயரும் திரையில் தோன்றியது. அந்தப் படத்தில் சூப்பர்மேனை மடக்கப் பேட்மேன் எடுத்த ஆயுதம் எது தெரியுமா? கிரிப்டோனைட்!

பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பூங்கா இருக்கிறது. பில் பிங்கரும் கேனும் உட்கார்ந்து கதை பேசிய இடம் அது. 2017-ல் அதன் அருகே உள்ள தெரு மூலைக்குப் பில் பிங்கர் பெயர் சூட்டினார்கள். பேட்மேன் பிறந்து 78 ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்கு உயிர் கொடுத்தவர் பெயர் சொந்த ஊர்த் தெருவில் ஏறியது.